எச்சரிக்கை: ஏற்காடு கிளம்பும் முன், உங்கள் போனில் வழி காட்டும் ஆப் எதுவென்று பாருங்கள்

சேலத்தில் புது போன் வாங்கும் பெரியவர்களிடம் "மேப் செட்டிங்" என்ற பெயரில் ஒரு வேலை நடக்கிறது. டெம்பர் கிளாஸ் ஒட்டி, பவுச் மாட்டித் தரும் கையோடு கடைப் பையன் சொல்கிறான்: "அண்ணா, இந்த ஆப்பப் போட்டுட்டா ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் நெட்டே இல்லாம காட்டும்ங்க. லைவ் சேட்டிலைட்ங்க. ஃப்ரீதான், பின் நம்பர மட்டும் ஒரு தடவை அடிங்க." போன் அவன் கையில் இருக்கும். வாங்கியவர் எட்டிப் பார்த்தபடி யுபிஐ பின்னை அடிப்பார். திரையில் தொகை, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எது வரைக்கும் என்று மூன்று வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

அப்படி ஒரு போனோடு வாழப்பாடி பக்கமிருந்து காரில் ஏற்காடு கிளம்பிய குடும்பத்துக்கு நடந்தது இது. தங்கும் விடுதியின் முகவரி தொடர்புகளில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தொட்டதும் வழக்கமான கூகுள் மேப்ஸுக்குப் பதில் கடையில் போட்ட ஆப் திறந்தது. முழுத்திரை விளம்பரம் ஒன்று, அதை மூடினால் இன்னொன்று, அதன்பிறகுதான் வழி. காட்டியது குப்பனூர், கொட்டச்சேடு வழி. மலை ஏறிய கொஞ்ச நேரத்தில் சிக்னல் போனது. ஒரு கவையில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர்கள் நேரே போய்விட்டார்கள். ஆப் புது வழி போட முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பூட்டிய காபி எஸ்டேட் கேட் முன்னால் இருட்டும் நேரத்தில் வண்டி நின்றது. காவலாளி டார்ச் அடித்து, ரிவர்ஸ் எடுக்க வைத்து அனுப்பினார்.

காசு போனது தெரிந்தது ஊர் திரும்பி பாஸ்புக் போட்டபோதுதான். மூன்று நாள் இலவசம் முடிந்ததும் வாரம் 199 ரூபாய் வீதம் நான்கு முறை எடுத்திருக்கிறார்கள். கடையில் கேட்டால், "பின் போட்டது நீங்கதானங்க?" அவ்வளவுதான் பதில். சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலில் ஓட்டை குறைவு என்பதுதான் எரிச்சல்.

இந்த மாதிரி ஆப்களின் வேலை முறை பழையது. 2019 ஜனவரியில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் லூக்காஸ் ஸ்டெஃபான்கோ பிளே ஸ்டோரில் இருந்த 15-க்கும் மேற்பட்ட நேவிகேஷன் ஆப்களைச் சோதித்து வெளியிட்டார். எல்லாம் சேர்ந்து 5 கோடிக்கும் மேல் இறக்கப்பட்டவை. எதிலும் சொந்த வரைபடம் இல்லை. பொத்தானை அழுத்தினால் விளம்பரத்தைக் காட்டிவிட்டு, பின்னால் இருக்கும் கூகுள் மேப்ஸைத் திறந்துவிடுவதுதான் அவற்றின் மொத்த உழைப்பு. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு நடுவில் நின்று வாடகை வாங்குகிறார்கள். "லைவ் சேட்டிலைட்" என்பதும் பொய். வரைபட ஆப்களில் தெரியும் செயற்கைக்கோள் படம் என்றோ எடுத்தது. மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ பழையதாக இருக்கும்.

உங்கள் போனில் இருப்பது அசலா, ஒட்டுண்ணியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆப்பைத் திறந்து கோரிமேட்டிலிருந்து ஏற்காடு ஏரிக்கு வழி கேளுங்கள். "ஸ்டார்ட்" தொட்டதும் திரையின் சாயல் மாறினால், சமீபத்திய ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அங்கே கூகுள் மேப்ஸ் தனி அட்டையாக நின்றால் விஷயம் முடிந்தது. இன்னொரு சோதனை: ஆப்பில் ஆஃப்லைன் வரைபடம் இறக்கச் சொல்லிவிட்டு ஏரோபிளேன் மோடு போட்டு அதே வழியைக் கேளுங்கள். வரைபடம் இறங்கியிருந்தால் வழி வரும். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் சிக்னலை வாங்குவது மட்டுமே, அதற்கு டேட்டா வேண்டியதில்லை. வெறும் சாம்பல் கட்டங்கள் வந்தால் அந்த ஆப்பிடம் வரைபடமே கிடையாது.

சரி, கூகுள் மேப்ஸ் போனிலேயே இருக்க, வேறு ஆப் எப்படி முந்திக்கொண்டு திறக்கிறது? இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆண்ட்ராய்டில் "டீஃபால்ட் ஆப்ஸ்" பட்டியலைத் திறந்தால் பிரவுசர், போன், எஸ்எம்எஸ், ஹோம் எல்லாம் இருக்கும். நேவிகேஷன் என்று தனி வரி இருக்காது. முகவரியைத் தொடும்போது போன் "இந்த இடத்தைக் காட்ட யாராவது இருக்கிறீர்களா" என்று எல்லா ஆப்களையும் கேட்கும். ஒன்றுக்கு மேல் கை தூக்கினால் பட்டியல் வரும், கீழே "ஜஸ்ட் ஒன்ஸ்", "ஆல்வேஸ்" என்று இரண்டு பொத்தான். கடைப் பையன் புது ஆப்பைத் தேர்ந்தெடுத்து ஆல்வேஸை அழுத்திவிட்டால், அதன்பிறகு கேள்வியே வராது. அவன் செய்த "செட்டிங்" இந்த ஒரு தொடுதல்தான். 300 ரூபாய் கூலி வாங்குகிறவர்களும் உண்டு.

கூகுள் மேப்ஸிலிருந்து யாராவது அனுப்பும் இணைப்பு வேறு சங்கதி. அது கூகுளின் சொந்த முகவரி என்பதால் பெரும்பாலும் கூகுள் மேப்ஸிலேயே திறக்கும். அதனால்தான் ஒரே போனில் நண்பர் அனுப்பிய லொகேஷன் ஒரு ஆப்பிலும், தொடர்புகளில் உள்ள முகவரி இன்னொரு ஆப்பிலும் திறக்கிறது. போன் கெட்டுப்போகவில்லை.

எடுத்துவிடும் வழி: செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தக் குறிப்பிட்ட ஆப், "ஓபன் பை டீஃபால்ட்" அல்லது "செட் அஸ் டீஃபால்ட்", அதில் "கிளியர் டீஃபால்ட்ஸ்". போன் கம்பெனிக்கு ஏற்பச் சொல் கொஞ்சம் மாறும். பிறகு தொடர்புகளில் ஒரு முகவரியைத் தொட்டுப் பாருங்கள். பட்டியல் திரும்ப வந்தால் சரி. உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஆல்வேஸ் அழுத்துங்கள். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்தில் "அபியர் ஆன் டாப்" அனுமதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வண்டி ஓட்டும்போது வரைபடத்தின் மேல் விளம்பரம் குதிப்பது அதனாலும் இருக்கலாம்.

ஐபோன்காரர்களிடம் "ஆப்பிள் மேப்ஸை மாத்தி டீஃபால்ட் பண்ணித் தர்றேன்" என்று காசு வாங்கினால் அது முழுப் பொய். டீஃபால்ட் நேவிகேஷன் ஆப்பை மாற்றும் வசதியை ஆப்பிள் 2025-இல் ஐஓஎஸ் 18.4-இல் கொடுத்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டுமே கொடுத்தது. ஜிமெயில், குரோம் போன்ற ஆப்களின் உள் செட்டிங்கில் மட்டும் எந்த மேப் திறக்க வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் காசு எடுப்பது நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். நிற்காது. முதலில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, "பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்", "சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" போய் அந்த ஆப்பை ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் யுபிஐ ஆப்பில் "ஆட்டோபே" பகுதியைத் திறந்து, மாண்டேட்டை, அதாவது தானாகக் காசு எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, ரிவோக் செய்யுங்கள். "பாஸ்" என்று நிறுத்தி வைப்பது போதாது. கடைசியாக ஆப்பை நீக்குங்கள். காசு பிடித்து 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேட்கலாம், பல நேரம் கிடைக்கும். அது தாண்டினால் ஆப் தயாரித்தவனிடம் கேட்கச் சொல்வார்கள், அங்கே பதில் வருவது அவரவர் அதிர்ஷ்டம். ஆட்டோபேயில் காசு எடுக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்களை லோன் விளம்பரம் என்று தள்ளிவிடாமல் பாருங்கள்.

இனி மலைக்கு எந்த ஆப் என்ற கேள்வி. அசல் ஆப்பும் ஏற்காட்டில் தடுமாறும், காரணம் தெரிந்தால் பயமில்லை. கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறும் பிரதான பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவின் மேல் கையும் கீழ் கையும் வரைபடத்தில் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலால் ஜிபிஎஸ் புள்ளி சில பத்து மீட்டர் தள்ளி விழுந்தால், ஆப் உங்களைக் கீழ் ரோட்டில் இருப்பதாக நினைத்து "யூ டர்ன் எடுங்கள்" என்று சொல்லும். ஹேர்பின்னில் அந்தக் குரலை நம்பிப் பிரேக் போட்டால் பின்னால் வரும் பஸ்காரர் சொல்லும் வார்த்தை வேறாக இருக்கும். இந்தப் பாதையில் குரலை அணைத்துவிட்டு, வளைவில் நட்டிருக்கும் எண் பலகையைப் பார்த்துப் போவது மேல்.

சேலத்துக்குள்ளேயே இதே கோளாறு இருக்கிறது. 2020 ஜூனில் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் நீங்கள் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று போனுக்குச் சரியாகத் தெரியாது. ஏறும் இடத்துக்கு முன்பே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

குப்பனூர் வழிக்கு வருவோம். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து வருபவர்களுக்கு அது கிட்டம், அதனால் ஆப் அதைத்தான் முதலில் காட்டும். பாதை குறுகல், ஏற்றம் செங்குத்து. புதிதாக மலை ஓட்டுபவர்களும் ஆள் நிறைந்த டெம்போ டிராவலரும் அங்கே போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆப் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும், உங்கள் கிளட்ச் வாசனையை அல்ல. நேரக் கணக்கிலும் ஓட்டை உண்டு. டிராஃபிக் நிறம் என்பது ரோட்டில் ஓடும் மற்றவர்களின் போன்களிலிருந்து வருவது. சிக்னல் இல்லாத, வண்டி குறைந்த பாதையில் தகவலே வராது. மண் சரிந்து பாதை அடைத்திருந்தாலும் யாராவது தெரிவிக்கும் வரை ஆப்புக்கு அது காலியான ரோடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். கோடை விழா சமயத்தில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போலீஸ் ஒருவழி ஆக்குவதும் உண்டு. அன்று போலீஸ்காரர் கை காட்டும் பக்கம் போங்கள், போனைக் காட்டி வாதாடாதீர்கள்.

டிராஃபிக்குக்குக் கூகுள் மேப்ஸ், மலைக்கு உதிரியாக ஆர்கானிக் மேப்ஸ் என்பது போதும். இரண்டாவது இலவசம், விளம்பரம் கிடையாது, பொதுமக்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். நம் நாட்டு மேப்பிள்ஸ் பிடித்தவர்கள் அதையும் வைக்கலாம். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு "ஆஃப்லைன் மேப்ஸ்", "செலக்ட் யுவர் ஓன் மேப்" போய், கட்டத்துக்குள் சேலம், ஓமலூர், அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், நாகலூர் எல்லாம் அடங்கும்படி இழுத்து வீட்டு வைஃபையிலேயே இறக்குங்கள். ஏற்காட்டை மட்டும் கட்டம் கட்டினால் அடிவாரத்திலேயே வழி அறுந்துவிடும். ஆஃப்லைனில் கார் வழி மட்டும்தான் வரும், டிராஃபிக் வராது, நடைவழி வராது. கிளியூர் அருவிக்கு இறங்கி நடக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மேலே இருக்கும் சின்ன வாகனக் குறியையும் பாருங்கள். போன வாரம் ஸ்கூட்டருக்கு வைத்த டூவீலர் மோடு அப்படியே இருந்தால், காரைச் செவ்வாய்ப்பேட்டை சந்துக்குள் கொண்டுபோய்ச் சொருகும். காருக்குக் குறுகிய ரோடுகளைத் தவிர்க்கும் வசதியைக் கூகுள் 2024 ஜூலையில் 8 இந்திய நகரங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் இருந்தன, சேலம் இல்லை. "அவாய்ட் டோல்ஸ்" போட்டு வைத்து மறந்தவர்கள் ஓமலூர் பக்கம் ஊர் ஊராகச் சுற்றி வருவதும் நடக்கிறது.

விடுதியின் பெயரைத் தேடிப் போகாதீர்கள். எஸ்டேட்டுக்குள் இருக்கும் பல தங்குமிடங்களின் புள்ளி கட்டடத்தின் மேல் விழுந்திருக்கும், ஆப் அதற்குக் கிட்டத்தில் உள்ள ரோட்டில் கொண்டுபோய் விடும், அது பின்பக்கப் பூட்டிய கேட்டாக இருக்கும். முதல் நாளே போன் போட்டு, "வண்டி நுழையற கேட்ல நின்னு லொகேஷன் அனுப்புங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். "மேப் செட்டிங்" கூலிக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் பின் அடிக்காமலே காசு போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், வங்கிக்கும் அன்றே எழுதிக் கொடுங்கள்.