டிசம்பரில் கொல்லிமலை: பஸ், படிக்கட்டு, அருவி, மற்ற வசதிகள்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முழுக்க ஓடும். அதனால் எங்களுக்கு ஊர்ப் பயணம் என்றாலே வடகிழக்குப் பருவமழையோடுதான். நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் மாமியார் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனாலே கொல்லிமலை கண்ணுக்கு நேரே நிற்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனிமேல் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் இந்த முறை மேலே போய்த் தங்கியே சுற்றினோம். அழகைப் பற்றிப் படம் படமாக இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது போக்குவரத்து, தங்கல், டிக்கெட், கழிப்பறை பற்றித்தான்; வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதும் அதைத்தான்.

முதலில் வாடகைக் கார் எடுத்தோம். போனில் பேசிய தொகை ஒன்று, இறங்கும்போது கேட்ட தொகை வேறு. 'ஹில்ஸ் சார்ஜ்' தனியாம், டிரைவர் பேட்டா தனியாம், காத்திருந்ததற்குத் தனியாம். அதுகூடப் பரவாயில்லை, அனுப்பிய டிரைவர் தம்பிக்கு மலைப்பாதை ஓட்டிப் பழக்கமே இல்லை. அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பத்தாவது பலகை தாண்டும்போதே அந்தப் பையனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது, பின்சீட்டில் என் மகள் பாலித்தீன் பையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. மலைமேல் இருக்கும் முக்கிய ஊரான செம்மேட்டில் இறங்கிக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் போனது வந்தது எல்லாமே அரசு பஸ்தான்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மலையில் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே உருப்படியானது அதுதான். நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலைக்கு பஸ் உண்டு, சில வண்டிகள் அறப்பளீஸ்வரர் கோயில் வாசல் வரைக்கும் போகும். டிரைவர்கள் அதே சாலையில் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள். எதிரே வண்டி வருகிறதா என்று ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, வளைவுக்கு முன்பே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஜன்னலோரம் கிடைத்தால் வளைவுக்கு வளைவு சமவெளி கீழே இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம், காரில் இந்த உயரத்தில் உட்கார முடியாது. ஆனால் பஸ் நேரத்தை இணையத்தில் தேடிப் பிரயோஜனமில்லை. எனக்குக் கிடைத்த மூன்று பட்டியலும் மூன்று விதமாக இருந்தன. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர் அறையில் கேளுங்கள், அதைவிட நல்லது டீக்கடையில் கேட்பது.

ஆகாய கங்கை, மாசிலா என்ற அருவிகள் விஷயமும் இதே கதைதான். இன்றைக்குத் தண்ணீர் இருக்கிறதா, குளிக்க விடுகிறார்களா, படி திறந்திருக்கிறதா என்ற சாதாரணத் தகவல் எந்த இணையதளத்திலும் கிடையாது, விடுதி வரவேற்பிலும் கிடையாது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி நல்லாக் கொட்டுதுங்க்கா, ஆனா காலைலயே பாரஸ்ட்காரங்க விடமாட்டேன்னுட்டாங்க. இன்னிக்கு மாசிலாவுக்குப் போங்க, மழை விட்டா நாளைக்குக் கீழ எறங்குங்க." அப்படியே செய்தோம். அவர் சொன்னது அச்சு பிசகவில்லை. ஆகாய கங்கைக்கு வேன் பிடித்து நேராகக் கோயில் வரை போய், அடைத்த கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த இரண்டு குடும்பங்களை அன்று மாலை செம்மேட்டில் பார்த்தேன். வெள்ளம் வந்தால் மூடத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறையே இல்லை. மூடியிருக்கிறது என்று செம்மேட்டிலோ, இன்னும் நல்லதாகக் கீழே காரவள்ளியிலோ ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தால் எத்தனை பேருக்கு 70 வளைவு மிச்சமாகும்?

தங்குமிடம் சுமார். அறை சுத்தமாகவே இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும். முன்பதிவு செய்தபோது எதுவும் சொல்லாதவர்கள் வாசலில் வைத்து ஆதார் கேட்டார்கள். என் கணவருக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் இணையத்தில் பதிய வேண்டும் என்பது விதி, சின்ன விடுதிகள் பலவற்றுக்கு அது பெரிய தலைவலி. போன் செய்யும்போதே இதைச் சொல்லிவிட்டு, சம்மதம் என்றால் மட்டும் முன்பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) இரண்டுக்கும் நகல் கையோடு இருக்கட்டும், மலைமேல் ஜெராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். பணத்துக்கு யூபிஐ வைத்திருந்தோம். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர் எண்ணிலேயே அதைப் பயன்படுத்த 2023 முதல் வழி உண்டு. செம்மேட்டில் வேலை செய்தது. அருவிப் பக்கம் சிக்னல் கிடையாது, அங்கே சில்லறைதான் ராஜா.

இனி ஆகாய கங்கை. 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே குதிக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி வனத்துறை டிக்கெட் கவுன்டர், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்கும். படிகள் ஒரே உயரமில்லை. சில இடத்தில் சாதாரணமாக இறங்கலாம், சில இடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கிக் காலை வைக்க வேண்டும். பாசி பிடித்த இடத்தில் கைப்பிடிக் கம்பி இல்லாவிட்டால் அவ்வளவுதான். குரங்குகள் தோளில் தொங்கும் பையைத்தான் குறி வைக்கும், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்காதீர்கள். பாதி வழியிலேயே இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும், கடைசித் திருப்பத்தில் அருவி தெரிவதற்கு முன்பே சாரல் முகத்தில் அடித்துவிடும். தண்ணீர் நேராக விழுவதில்லை, காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிப் பாறைமேல் வீசி அடிக்கிறது. பிள்ளைகள் பேச்சே இல்லாமல் நின்றார்கள். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

அங்கே நின்ற காவலர் ஒருவர், மலை ஊர்க்காரர், விசிலும் கையுமாக யாரையும் ஆழப் பக்கம் போகவிடவில்லை. திட்டு வாங்கினாலும் அசரவில்லை, அவருக்கு ஒரு கும்பிடு. உடைமாற்றும் அறைக்குத்தான் வருகிறேன். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தர் மாற்ற, வெளியே முன்பின் தெரியாத ஒரு அக்கா துப்பட்டாவைக் கைப்பிடியில் சுற்றிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் நான் பிடித்தேன். டிக்கெட் வாங்குகிற இடத்தில் ஒரு தாழ்ப்பாளுக்கு வழியில்லையா?

ஏறுவதுதான் சோதனை. மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். பாறையில், மரத்தில் ஒட்டி வளரும் கிழங்கு, மேலே முழுக்க ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டுவலி போய்விடும் என்று விற்கிற அம்மா சத்தியம் செய்தார். எனக்கு வலி போகவில்லை, ஆனால் மிளகும் பூண்டுமாகத் தொண்டையில் இறங்கியபோது இன்னொரு டம்ளர் கேட்கத் தோன்றியது.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் மாசிலா அருவிக்குப் போங்கள், நடை குறைவு, நிம்மதியாகக் குளிக்கலாம். சீக்குப்பாறை காட்சி முனைக்கு வெயில் ஏறுவதற்குள் போனால் பள்ளத்தாக்கு தெரியும், தாமதித்தால் வெறும் மூட்டம். வாசலூர்ப்பட்டி படகு இல்லம், நேரம் மிச்சமிருந்தால் மட்டும். செம்மேட்டில், இந்த மலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரி சிலை இருக்கிறது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்த கதையைச் சொன்னதும் என் மகன் போனை இறக்கி வைத்துவிட்டு உடும்பு எப்படி வரிசையில் வந்து நின்றது என்று கேட்டான். ஓரிக்கு ஆடிப்பெருக்கை ஒட்டி விழா நடக்கும், அப்போது அறை கிடைப்பது கஷ்டம். சோளக்காடு சந்தையில் மலைவாழையும் மிளகும் வாங்கினோம், பேரம் பேச மனசு வரவில்லை.

மாமியாருக்கு முழங்கால் முடியாது, ஆகாய கங்கைப் படி அவருக்கு ஆகவே ஆகாது. அவரை இன்னொரு நாள் புளியஞ்சோலைக்குக் கூட்டிப்போனோம். நாமக்கல்லிலிருந்து துறையூர் போய் உப்பிலியபுரம் வழியாக மலையின் அடுத்த பக்க அடிவாரம். மேலே குதித்த அதே தண்ணீர்தான் இங்கே பாறைகளுக்கு நடுவே ஓடி வருகிறது. தரையோடு தரையாகப் போய் உட்கார்ந்து காலை நனைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டமும் பாட்டில் உடைசலும். வாரநாளில் காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.