எல்லையோர இராணுவப் பயிற்சி மையம்: மூன்று மாத அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் எங்கள் பகுதியிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் வழியில், மாநில எல்லையைக் கடந்த சிறிது தூரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இராணுவத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்று இருக்கிறது. பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அதன் வாசல் பலகையில் குடியரசுத் தலைவர் மாளிகையின் முகப்பும், செஞ்சட்டையும் தலைப்பாகையுமாகக் குதிரை மேல் ஈட்டி பிடித்து அமர்ந்திருக்கும் வீரர் ஒருவரும் தெரிவார்கள். கீழே, 'அணிவகுப்பு மரியாதைப் படையில் சேரச் சிறப்புப் பயிற்சி' என்று ஒரு வரி. என் மகன் ஐந்தடி பதினோரு அங்குலம். 'இவன் டெல்லியில் விறைத்து நிற்க வேண்டியவன்' என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது அதுதான். பலகையில் இருக்கும் குதிரை வீரர், 1773-இல் ஆங்கிலேய ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் தொடங்கிய படையின் இன்றைய வாரிசான குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்தவர். ஆறடி உயரத்தை எதிர்பார்க்கும் அந்தப் படைக்கு ஜாட், ஜாட் சீக்கியர், ராஜபுத்திரர் ஆகிய வடநாட்டுச் சமூகங்களிலிருந்தே வீரர்களை எடுத்துவருகிறார்கள். அதை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கும் நடந்திருக்கிறது. 1800-க்குப் பிறகு பல ஆண்டுகள் இதே படைக்குச் சென்னை மாகாணத்திலிருந்துதான் ஆள் எடுத்தார்கள் என்பதைப் பிறகு படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மாளிகையில் காவல் மாறும் காலாட்படையினரோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறைவைத்து டெல்லிக்கு வரும் ஏதாவதொரு பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். குடியரசுத் தலைவருக்கு 150 பேர், பிரதமருக்கு 100 பேர் என்று நிற்கும் மரியாதை அணிக்கும் ஏற்கெனவே படையில் இருப்பவர்களைத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள். ஆகவே எங்கள் பிள்ளைகள் செய்யக்கூடியதெல்லாம் நான்கு ஆண்டுக்கு மட்டும் படைவீரர்களை எடுக்கும் அக்னிவீர் திட்டத்தின் பொதுப்பணிக்கு விண்ணப்பித்து, தேறி, பயிற்சி முடித்து, சேர்ந்த பட்டாலியனுக்கு அந்த முறை வரும்போது உயரமும் கவாத்தும் (அணிநடைப் பயிற்சி) கண்ணில் படும்படி இருப்பது மட்டுமே. நான்கு ஆண்டுப் பணிக்குள் அந்த முறை வராமலே போகலாம்.

இதை மையத்தில் யாரும் சொல்லவில்லை. 'கார்ட்ஸ் ரெஜிமென்ட் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் வேலையே இதுதான்' என்று அலுவலக மேசையில் இருந்தவர் சொன்னார். அவர் சொன்ன கார்ட்ஸ், 1949-இல் உருவாக்கப்பட்ட 'பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ்', முழுக்க முழுக்கப் போர்முனைக் காலாட்படை. பெயரில் காவல் இருப்பதால் அது சடங்குப் படை ஆகிவிடாது. சுவரில், 2015-இல் ஒபாமாவுக்கு அளித்த மரியாதை அணிவகுப்புக்குத் தலைமை தாங்கிய விங் கமாண்டர் பூஜா தாக்கூரின் படமும் ஒட்டியிருக்கிறது. அவர் விமானப்படையின் அதிகாரி. அது வேறு தேர்வு, வேறு வழி. அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் திடலுக்குப் போனால் கதை வேறு. கவாத்துக்கு என்று வருகிற மாஸ்டர் ஓய்வுபெற்ற ஹவில்தார். அதிகம் பேசமாட்டார். 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'சலாமி ஷஸ்த்ர' என்று இந்திக் கட்டளைகளை அவர் கொடுக்கும்போது தோப்பில் காக்கை கலையும். துப்பாக்கிக்குப் பதிலாகக் கனமான மரக்கட்டையில் செதுக்கிய மாதிரி ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, கணவாய்க் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் ஆடி மாதத்தில் இருபது நிமிடம் அசையாமல் நிறுத்திவைத்தார். பத்தாவது நிமிடத்தில் ஒரு பையன் அப்படியே சரிந்தான். அவனை நிழலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தபடியே மற்றவர்களுக்கு விளக்கினார்: முழங்காலை இறுக்கிப் பூட்டினால் இரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், வெளியே தெரியாதபடி பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருக்க வேண்டும், வெறும் வயிற்றோடு அணியில் வந்து நிற்கக் கூடாது. அன்று முதல் என் மகன் காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினான். அதுவரை அவன் அம்மா சொல்லி நடக்காத காரியம். பூட்ஸ் முனையைச் செர்ரி பிளாசம் பாலிஷும் ஈரப் பஞ்சும் கொண்டு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்குவதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பூட்ஸுக்கு முக்கால் மணி நேரம் தேய்க்கிறான்.

ஓட்டப் பயிற்சியும் நேர்மையாகவே நடக்கிறது. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பத்து முறை கம்பியில் மேலெழும்பினால் 40 என்பதுதான் கணக்கு. என் மகன் ஆறு நிமிடத்தைத் தாண்டிய நிலையிலிருந்து ஐந்து நிமிடம் முப்பத்தெட்டு நொடிக்கு வந்திருக்கிறான். எழுத்துத் தேர்வு வகுப்பு சுமார்தான். இணையவழித் தேர்வைத் தமிழிலேயே எழுத வாய்ப்பிருக்கும்போது, மங்கிப்போன ஆங்கில நகல்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது விண்ணப்ப விவகாரம். இணைய விண்ணப்பத்தை நிரப்பித் தருவதற்கு மையம் தனியே 500 ரூபாய் வாங்குகிறது. தேர்வுக் கட்டணமான 250 ரூபாய் வேறு. என் மகன் மேல்நிலை வகுப்பைப் பொள்ளாச்சியில் படித்தவன் என்பதால் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் அவனைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் கேரளத்தில் குடியிருப்பவர்கள். பாலக்காடு மாவட்டம் கோழிக்கோடு அலுவலகத்துக்கு உட்பட்டது. எங்கே படித்தான் என்பது கணக்கில் வராது, எங்கே குடியிருக்கிறான் என்பதுதான் கணக்கு. இறுதியாகச் சமர்ப்பிக்கும் முன் நகலை வீட்டுக்குக் கேட்டு வாங்கி, தாலுகா அலுவலகத்தில் பெற்ற நேட்டிவிட்டி சான்றிதழோடு வைத்துப் பார்த்ததால் பிழை கண்ணில் பட்டது. இல்லையென்றால், எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். 'எல்லை ஓரம் என்றால் இப்படித்தான் சார், குழப்பம் வரும்' என்றார் மையத்தின் மேசைக்காரர். எல்லையில் கடை விரித்திருப்பவருக்கு வரக்கூடாத குழப்பம் அது.

என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று. மூன்றும் அந்த ஹவில்தாருக்கு. ஓட்டத்துக்கும் கவாத்துக்கும் மட்டும் சேரலாம், மாதம் 4,000 ரூபாய்க்குக் குறைவில்லாத பயன் உண்டு. விண்ணப்பத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கல்லூரியில் என்சிசி (தேசிய மாணவர் படை) இருந்தால் அதை விட வேண்டாம். அதன் 'சி' சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது, கவாத்தும் கட்டணமில்லாமல் வருகிறது.

கடைசி நாள் பலகையைப் பற்றி அந்த ஹவில்தாரிடமே கேட்டேன். படத்தில் இருக்கும் குதிரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'நானும் பதினேழு வருஷம் இருந்தேன் சார், குதிரையைத் தொட்டதுகூட இல்லை' என்று சொல்லிவிட்டு, மரத்துப்பாக்கிகளை எண்ணிச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.