அக்ரோஸ் ஃபுகுவோகா: முப்பது வருடமாக வளரும் மலை

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் அக்ரோஸ் ஃபுகுவோகா என்னும் இந்தக் கட்டடத்தை இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். வடக்கே மெய்ஜி சாலையில் நின்றால் செங்குத்தான கண்ணாடி முகப்பு. எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய அலுவலகம். சுற்றிக்கொண்டு தெற்கே வந்தால் அதே கட்டடம் செடிகள் மூடிய படியடுக்குகளாக எழும் 60 மீட்டர் உயர மலை. அதன் அடிவாரத்திலேயே தென்ஜின் மத்தியப் பூங்காவின் புல்வெளி தொடங்கிவிடுகிறது.

மாகாண அரசு அலுவலகம் 1981-இல் வேறு இடத்துக்குப் போனபின் மிச்சமிருந்த மனை இது. கட்டடக் கலைஞர் எமிலியோ அம்பாஸ் வடிவமைத்தார், 1995-இல் திறந்தார்கள். கட்டடம் எடுத்துக்கொண்ட நிலத்தைப் படிப்படியாக மேலே தூக்கிப் பூங்காவுக்கே திருப்பிக் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். உள்ளே பாஸ்போர்ட் மையம், 1,867 இருக்கைகள் கொண்ட இசையரங்கம், தனியார் அலுவலகங்கள். நிலத்தடி வழியாக மெட்ரோவுக்கும் போகலாம். மலையேறுவதற்கு டிக்கெட் கிடையாது, யாரும் பெயர் கேட்பதில்லை. அரசு வேலையாக வந்தவரும் மதியச் சாப்பாட்டோடு படியோரம் உட்கார வந்தவரும் ஒரே கட்டடத்தைப் புழங்குகிறார்கள்.

நின்று பார்க்க வேண்டியது நடுவிலுள்ள நீர்த்தொட்டிகளை. அடுக்கடுக்காக ஏறும் அவற்றில் நீர் மேல்நோக்கிப் பீய்ச்சுகிறது. அந்தச் சத்தத்தில் சாலை இரைச்சல் அடங்கிப்போகிறது. தொட்டிகளுக்கு இடையே கண்ணாடி. அதன் வழியே உள்முற்றத்துக்கு வெயில் தணிந்து, வெளிச்சம் மட்டும் இறங்குகிறது.

செடிகள் தழைத்ததற்கு மண்ணே காரணம். சாதாரண மண்ணைக் கொட்டியிருந்தால் தளம் பாரம் தாங்காது. அதனால் பெர்லைட் (சூட்டில் பொரியவைத்த எரிமலைக் கண்ணாடி) வகை இலேசான செயற்கை மண். மேல் அடுக்கில் விழும் மழைநீர் கீழ் அடுக்குகளுக்கு இறங்குகிறது, மலைச்சரிவில் நடப்பதைப் போலவே. முதலில் நட்டவை 76 வகை, சுமார் 37,000 செடிகள். பறவைகள் கொண்டுவந்த விதைகளும் முளைத்து, இன்று சுமார் 120 வகை, 50,000 செடிகள். 2000-ஆம் ஆண்டு அளந்தபோது, வெறும் கான்கிரீட்டுக்கும் செடி மூடிய பரப்புக்கும் 15 டிகிரி வரை வெப்ப வித்தியாசம் இருந்தது.

இதே வளர்ச்சிதான் பராமரிப்பவர்களுக்குத் தலைவலி. மரம் உயர உயரக் காற்று பிடிக்கும், எடை கூடும். சூறாவளி வரும் ஊரில் கிளை கழிப்பதைத் தள்ளிப்போட முடியாது. சருகு வடிகாலை அடைத்தால் நீர் தேங்கி வேர் அழுகும். கூரைத்தோட்டம் போட நினைப்பவர்கள் செடி வாங்கும் செலவைவிட வருடாவருடம் ஆள் வைக்கும் செலவை முதலில் கணக்கிடுங்கள்.

பெரிய குறை படிகள். பூங்காவிலிருந்து மேலே போகும் பாதை படிக்கட்டுதான். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வரவேற்பு அடிவாரத்தோடு முடிந்துவிடுகிறது. பொதுக்கட்டடத்தில் இதைச் சின்னக் குறையென்று விட்டுவிட முடியவில்லை. உச்சித்தளமும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டுமே திறக்கிறது. மாலையிலும் பலத்த மழையிலும் மலைக்கதவைச் சாத்திவிடுவார்கள். தெற்கு பார்த்த சரிவு என்பதால் கோடையில் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. கையில் தண்ணீர் இருக்கட்டும்.