இறால் தொட்டியில் ஏடு படிந்தால்: காகிதமா, காற்றுக்குமிழியா, ஸ்கிம்மரா?

சின்ன இறால் தொட்டியின் நீர்ப்பரப்பில் பாலேடு போல ஒரு படலம் தெரிந்ததும், ஸ்கிம்மர் (மேல்நீரை உறிஞ்சிப் படலத்தைப் பிடிக்கும் கருவி) வாங்கலாமா என்ற யோசனைதான் பலருக்கு முதலில் வருகிறது. 10, 20 லிட்டர் தொட்டிக்கு அது கடைசியாக யோசிக்க வேண்டிய கருவி என்பது என் கருத்து. காரணம், இறால் குஞ்சுகள்.

படலம் என்பது என்ன? தீவனத்திலிருந்தும் அழுகும் இலைகளிலிருந்தும் கசியும் புரதம், கொழுப்பு போன்றவற்றில் நீரோடு எளிதில் கலக்காதவை மேலே வந்து சேர்கின்றன. அவற்றைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. புதுத் தொட்டி, புதிய மரக்கட்டை, அசைவில்லாத நீர் என்றால் இன்னும் வேகமாகப் படியும். இது விஷமல்ல. செர்ரி இறால்கள் சில நேரம் நீர்ப்பரப்பில் தலைகீழாக நின்று, கால்களால் துழாவி இதையே தின்பதைப் பார்க்கலாம். படலம் தடித்தால்தான் சிக்கல்: காற்றுக்கும் நீருக்கும் இடையிலான வாயுப் பரிமாற்றம் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. இரவில் செடிகளும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே வெப்பமான தொட்டியில், விடியற்காலையில்தான் இறால்களுக்கு மூச்சு முட்டும்.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் பாக்டீரியாப் படலம். சுழன்று மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய். கையில் பூசிய க்ரீமோ, காற்றில் வரும் சமையல் எண்ணெய்ப் புகையோ காரணமாக இருக்கலாம்.

காகிதமும் கிண்ணமும்

வாசனையோ அச்சோ இல்லாத வெள்ளை கிச்சன் டவலை நீர்ப்பரப்பில் விரித்து, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தெடுத்தால் படலம் அதோடு ஒட்டி வந்துவிடும். ஃபில்டரைச் சில நிமிடம் நிறுத்திவிட்டுச் செய்தால் இன்னும் சுத்தமாக வரும். எனக்குக் கிண்ணம் இன்னும் பிடிக்கும். கிண்ணத்தின் விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கும்படி பிடித்தால் மேல்நீர் தானாக உள்ளே வழியும். 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் எடுத்தால் 5 சதவீத நீர்மாற்றமும் ஆயிற்று. கொட்டுமுன் கிண்ணத்தில் குஞ்சு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

படலத்தைத் தொட்டியை விட்டே வெளியேற்றுவது இவற்றின் பலம். காரணம் நீங்கவில்லையென்றால் ஓரிரு நாளில் திரும்பி வரும் என்பது குறை.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்

ஏர் பம்பு அனுப்பும் காற்றால், ஸ்பாஞ்ச் வழியாக நீரை இழுத்து வடிகட்டும் கருவி இது. படலத்தை இது அகற்றுவதில்லை, உடைக்கிறது. குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது நீர்ப்பரப்பு அசைந்து, படலம் படிய இடமில்லாமல் போகிறது. உடைந்த பொருள் நீரில் கலந்து, ஒரு பகுதி ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. பாதி வேலைதான் என்று சிலர் குறை சொல்வார்கள். ஆனால் படலத்தால் வரும் உண்மையான ஆபத்து வாயுப் பரிமாற்றம் தடைபடுவதுதான்; அதை இது இரவும் பகலும் கவனித்துக்கொள்கிறது. குஞ்சுகளை உறிஞ்சாது, ஸ்பாஞ்சின் மேலேயே அவை மேய்ந்து வளரும். இறால் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

கவனிக்க வேண்டியவை உண்டு. குமிழி எவ்வளவு நுண்ணியது என்பதைவிட நீர்ப்பரப்பு எவ்வளவு அசைகிறது என்பதே முக்கியம். மிதக்கும் செடிகள் பரப்பை மூடிக் கிடந்தால் அசைவு அடங்கிவிடும். ஒரு வளையம் போட்டு அவற்றை ஒதுக்குங்கள். ஆவியாதல் கூடும், கனிமங்களோ தங்கிவிடும்; ஆகவே குறைந்த அளவை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் செடித்தொட்டியில் அந்த வாயு வேகமாக வெளியேறிவிடும். அங்கே ஏர் பம்பை இரவில் மட்டும் ஓட்டலாம்.

வெளியே தொங்கும் ஃபில்டரோ கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஏற்கெனவே இருந்தால், நீர் விழும் வாயைப் பரப்பை நோக்கித் திருப்பினாலே போதும். உறிஞ்சும் குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம்.

ஸ்கிம்மர்

வேலையில் குறையில்லை. மேல்நீரை இழுத்து, படலத்தை உள்ளிருக்கும் ஸ்பாஞ்சில் பிடித்துவிடும். சீக்கிரமே பரப்பு கண்ணாடியாகிவிடும். ஆனால் பிறந்த இறால் குஞ்சின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். மிதக்கும் செடிகளின் வேர்களில் மேயும் குஞ்சுகள் முதலில் சிக்கும். பெரிய இறால்களும் உள்ளே ஏறிவிடுவதுண்டு. நுண்வலை கட்டினால் அவை தப்பும், ஆனால் படலம் உள்ளே போவதும் குறையும். ஸ்பாஞ்சை அடிக்கடி பிழியாவிட்டால் பிடித்த அழுக்கு அதிலேயே அழுகும். செடிகளுக்காகவே அமைத்த, கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் தொட்டியில் இதற்கு இடம் உண்டு. அங்கும் நாள் முழுக்க ஓட்டாமல், நீங்கள் அருகில் இருக்கும்போது கால் மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். பிறகு உள்ளே திறந்து பாருங்கள்.

உயிர்கள்

மோலி, கப்பி மீன்கள் படலத்தைக் கொறிக்கும். குஞ்சுகளையும் தின்னும், எனவே வேண்டாம். மிஸ்டரி நத்தை தன் பாதத்தைப் புனலாகக் குவித்துப் படலத்தை இழுத்துத் தின்பது பார்க்க அழகுதான், ஆனால் அது போடும் கழிவு 10 லிட்டர் தொட்டிக்கு அதிகம்.

நான் பரிந்துரைப்பது: எப்போதும் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், படலம் தெரியும் நாளில் கிண்ணம். கூடவே தீவனத்தைக் குறையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தின்னாமல் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். நன்றாக முதிர்ந்த தொட்டியில் இரண்டு மூன்று நாள் தீவனமே போடாவிட்டாலும் இறால்கள் பாசியை மேய்ந்து நலமாக இருக்கும். அப்படி நிறுத்திய பிறகும் படலம் தடிப்பாகவே திரும்பினால், கட்டைக்கு அடியிலும் செடிப் புதருக்குள்ளும் தேடுங்கள். அங்கே கரைந்துகொண்டிருக்கும் இலைக்கொத்தோ, ஓட்டுக்குள் செத்துப்போன நத்தையோ இருக்கக்கூடும்.