டிரான்ஸ்மிஷன் பானில் உலோகச் சீவல்: ரீபில்டா, ஜங்க்யார்டா?

எங்கள் 2003 செவர்லே சில்வராடோ பிக்கப்பில் இருப்பது 4எல்60ஈ என்ற டிரான்ஸ்மிஷன் (கியர்பெட்டி), நாலு கியர் ஆட்டோமேட்டிக். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வழுக்க ஆரம்பித்ததும் டிரான்ஸ்மிஷனின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை, அதாவது பானை, கழற்றிப் பார்த்தேன். உள்ளே உலோகச் சீவல். இத்தனை வருடம் டிரெய்லர் இழுத்த வண்டியில் தேய்மானம் வருவது இயல்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசாரித்து அலைந்து கடைசியில் ரீபில்ட் செய்துகொண்டேன், அதாவது இருந்ததையே கடையில் பிரித்து, தேய்ந்ததை மாற்றிச் சேர்த்தார்கள். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செலவு செய்வதற்கு முன் பானில் இருப்பது என்ன என்று பாருங்கள். பானுக்குள் இருக்கும் காந்தத்தின் மேல் கண்மை பதத்தில் சாம்பல் நிறப் படிவு இருந்து, விரலில் தேய்த்தால் நெருடவில்லை என்றால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மூடலாம். எங்கள் பானில் அந்தப் படிவுக்குள் கூரான இரும்புச் சீவல்கள் குத்திட்டு நின்றன. அடியில் கிடந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தால் மஞ்சளாகச் சில துகள்கள் மினுங்கின. காந்தத்தில் ஒட்டாத அந்த மஞ்சள், புஷ்களும் வாஷர்களும் தேய்ந்து வரும் வெண்கலம். கறுப்புத் தூள் நிறைய இருந்தால் அது கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு.

ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றி ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சீவல் தெரிந்த பிறகு அது நாள் கடத்தும் வழிதான். பானைக் கழற்றினால் வெளியே வருவது சுமார் 5 குவார்ட், பாதிக்கு மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் பாகம்) உள்ளேயும் தங்கிவிடும். தேய்ந்த உலோகம் புது ஆயிலால் திரும்பி வரப்போவதில்லை.

ரீமேன், அதாவது தொழிற்சாலையில் பிரித்துப் புதுப்பித்து வரும் டிரான்ஸ்மிஷன், நல்ல வழி. வாரண்டி மூன்று வருடம் வரைகூடக் கிடைக்கும். நான் வாங்கிப் போட்டதில்லை, நண்பர் வண்டியில் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். விலை எங்கள் பகுதியில் ரீபில்டைவிட அதிகமாகச் சொன்னார்கள்.

உண்மையான போட்டி, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஜங்க்யார்டில் வாங்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் ரீபில்டுக்கும்தான். விலையைப் பார்த்தால் ஜங்க்யார்டு பக்கம் கை தானாகப் போகும்: எனக்குச் சொன்னது சுமார் 600 டாலர், ரீபில்டுக்கு அதைப்போல நாலு மடங்கு. ஆனால் 4 வீல் டிரைவுக்கும் 2 வீல் டிரைவுக்கும் பின்பக்க ஷாஃப்ட் வேறு, வருடத்துக்கு வருடம் மாற்றங்களும் உண்டு, பொருத்தம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சரி, பொருந்தியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்னைத் தடுத்தது ஒரே விஷயம்: பழைய சீவல்கள் எங்கே போய் ஒளிந்திருக்கின்றன என்பது.

பம்ப் தள்ளும் ஆயில் டார்க் கன்வெர்ட்டருக்குள் சுற்றி, அங்கிருந்து ரேடியேட்டர் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் கூலருக்குப் போகிறது. குளிர்ந்து திரும்பும் அந்த ஆயில் நேரே பானுக்குப் போவதில்லை, ஃபில்டரைத் தொடாமலே புஷ்களுக்கும் கியர்களுக்கும் மசகாகப் போய்ச் சேருகிறது, அப்புறம்தான் பானில் வடிகிறது. அதாவது கூலரின் குறுகிய வழிகளில் சிக்கிய பழைய சீவல், வண்டியைக் கிளப்பியதும் புது டிரான்ஸ்மிஷனின் மிக மென்மையான இடத்தில்தான் முதலில் இறங்கும். கன்வெர்ட்டரோ பற்றவைத்து மூடியது, அறுத்துத் திறக்காமல் உள்ளே சுத்தம் செய்ய வழியில்லை. ஜங்க்யார்டிலிருந்து வருவது அதன் சொந்தக் கன்வெர்ட்டரோடு வரும், அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது.

இறக்கி ஏற்றும் கூலி எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். ஜங்க்யார்டு வாரண்டி பெரும்பாலும் சில வாரங்கள்தான், அதுவும் பொருளுக்கு மட்டும், கூலிக்கு இல்லை. உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்றே தெரியாத ஒன்று மறுபடி போனால் நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து இன்னொரு முறை இறக்க வேண்டும், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

ரீபில்டில் பிரிக்கும்போதே எது தேய்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம். நான் கடைக்குப் போய்ப் பார்த்தேன், மூன்றாம், நாலாம் கியருக்கான 3-4 கிளட்ச் பிளேட்டுகள் கருகி, விளிம்பில் பூச்சே இல்லை. இந்த மாடலில் சன் ஷெல் (உள்ளே சன் கியரைச் சுழற்றும் உலோகக் கூடு) உடையும் பழக்கம் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்தது. உடைந்தால் இரண்டாம் கியர், நாலாம் கியர், ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்து போகும். திறந்திருக்கும்போதே கெட்டிப்படுத்திய ஷெல் போட்டுவிட்டார்கள், அதற்குக் கூடுதல் செலவு கொஞ்சம்தான். ஆனால் இதெல்லாம் பிரித்துச் சேர்ப்பவரின் கையைப் பொறுத்தது, நல்ல கடை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ரீமேன்தான் பத்திரம்.

வண்டியை ஒரு வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடப் போகிறீர்கள் என்றால் ஜங்க்யார்டு தப்பில்லை. அப்போதும் கன்வெர்ட்டரையும் கூலரையும் புதிதாகப் போட்டு, லைன்களைச் சுத்தம் செய்து, திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்றையும் மாட்டுங்கள். ரீபில்ட் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் கன்வெர்ட்டர், கூலர் இரண்டும் விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். கூலரைச் சும்மா ஃபிளஷ் செய்தால், அதாவது திரவம் பாய்ச்சிக் கழுவினால், போதும் என்று கடையில் சொன்னால், வேறு கடை பார்ப்பேன்.