உமிழ்நீரைக் கொடுத்து 46,000 ரூபாவை இழந்தேன்: மலையக உறவுகளே, கவனம்

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஹட்டனில் ஒரு மாடிக் கடையில், இதய நோயும் நீரிழிவும் வருமா என்று உமிழ்நீரிலுள்ள மரபணுவைப் பார்த்துச் சொல்வதாகக் கூறியவர்களிடம், எனக்கும் தங்கைக்குமாக 46,000 ரூபா கட்டி ஏமாந்தேன். அம்மாவின் சேமலாப நிதியில் மீந்திருந்த பணம் அது. 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும் 34 நாள் கொழுந்தெடுத்த உழைப்பு.

எங்கள் அப்பா 52 வயதில் மாரடைப்பால் இறந்தவர். அம்மாவுக்குச் சீனி வியாதி. வெள்ளை அங்கி அணிந்திருந்த அந்த இளைஞன் அப்பா எந்த வயதில் இறந்தார், நெஞ்சுவலி வந்து எவ்வளவு நேரம் இருந்தார், அம்மா என்ன குளிசை குடிக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். "அண்ணே, அப்பாவைக் கொண்டுபோனது எந்த மரபணு என்று தெரிந்தால் உங்கள் பிள்ளைகளையாவது காப்பாற்றலாம்" என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அப்பா போன பிறகு அவரைப் பற்றி அவ்வளவு பொறுமையாக என்னிடம் கேட்டவர் வேறு யாருமில்லை.

மூன்று வாரம் என்றது ஒன்பது வாரமாயிற்று. வந்த 31 பக்க அறிக்கையில் எந்த ஆய்வுகூடம் சோதித்தது என்றோ, எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்றோ ஒரு வரி இல்லை. இருவருக்கும் ஒரே எண்கள், தங்கையின் அறிக்கையில் பாலினம் 'ஆண்'. உடன்பிறந்தவர்கள் மரபணு மாறுபாடுகளில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்.

தொலைபேசியில் கேட்டபோது முதலில் "ஆய்வுகூடம் இந்தியாவில் இருக்கிறது" என்றார்கள். பிறகு "சேர் கூட்டத்தில் இருக்கிறார்" என்றார்கள். நேரில் போனபோது, நான் கையொப்பமிட்ட ஆங்கிலப் படிவத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று இருப்பதாகக் காட்டிவிட்டு, மரபணுவைச் சரிசெய்யும் மாவு ஒன்றை 18,000 ரூபாவுக்கு விற்கப் பார்த்தார்கள். மரபணுவை மாவு சரிசெய்யுமாம்! இப்போது என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள்.

அரசாங்க வைத்தியசாலை கிளினிக்கில் அந்த அறிக்கையைப் பார்த்த டாக்டர், 55 வயதுக்கு முன் தகப்பனுக்கு மாரடைப்பு வந்தது என்பதே பெரிய எச்சரிக்கைக் குறி என்றார். அதாவது நான் சொன்ன கதையையே எனக்கு 46,000 ரூபாவுக்குத் திருப்பி விற்றிருக்கிறார்கள். 2006இல் நீரிழிவோடு தொடர்புபடுத்தப்பட்ட டி.சி.எஃப்.7.எல்.2 போன்ற மரபணுக்களும், 2007இல் இதய நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட 9ஆம் நிறமூர்த்தத்தின் (குரோமோசோம்) ஒரு பகுதியும் உண்மையே. ஆனால் அவை ஆபத்தைச் சற்றுக் கூட்டுபவையே தவிர முடிவு சொல்பவை அல்ல, அத்துடன் அவற்றை வைத்துப் போடப்படும் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் தரவுகளில் உருவானவை என்றும் விளக்கினார். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி இரத்தச் சோதனை எனக்கு 5.9 வீதம் என்று வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5 வந்தால் நீரிழிவு. இதற்கு ஒரு சதமும் கேட்கவில்லை.

ஆலோசனை எழுதப் பொறுமை இல்லை. ஆய்வுகூடத்தின் பெயர் சொல்லாதவனிடம் உமிழ்நீரைக் கொடுக்காதீர்கள். வாசிக்க முடியாத படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள், ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். என் கையில் இருப்பது, 46,000 என்று பேனையால் எழுதித் தந்த ஒரு துண்டுக் கடதாசி மட்டும்தான்.