சேலத்தில் பிரசவத்துக்குச் சேர்க்கும் முன் அந்த பாட்டிலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்

என் தங்கைக்குச் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆனது. நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். தலைப்பிரசவம் என்பதால் கீழே போய்விடலாம் என்று தங்கச்சி வீட்டுக்காரர் சொல்ல, நாலு இடம் விசாரித்து, ரிசப்ஷனில் ஏ.சி.யும் மீன் தொட்டியும் இருந்த இடத்தைப் பிடித்தோம். பேக்கேஜ் 65,000 ரூபாய். மீன் தொட்டி சுத்தமாக இருந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். நான்கு இரவு. ஒரே அறையில் மூன்று கட்டில். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கம்பி ஸ்டாண்டில் கை சுத்தம் செய்யும் ஹேண்ட் ரப் பாட்டில். பார்க்கவே தெம்பாக இருந்தது. முதல் ராத்திரி குழந்தையைத் தூக்குவதற்கு முன் எங்கள் பாட்டிலை அழுத்தினேன். புஸ்ஸென்று காத்துதான் வந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். "காலைல ஸ்டோர்ல இருந்து வந்துடும்க்கா" என்றார். நாலு காலை வந்தது, பாட்டில் வரவில்லை.

இரண்டாம் நாள் நடந்ததுதான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கையுறை போட்ட சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் மூத்திரப் பையைக் காலி செய்தார். அதே கையால் கேஸ் ஷீட்டில் எழுதினார். போன் அடித்தது, எடுத்துப் பேசி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்படியே எங்கள் பக்கம் திரும்பி, தங்கையின் வயிற்றுக் கட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் நெம்பத் தொடங்கினார். "சிஸ்டர், கையுறை மாத்திட்டு வந்துடுங்களேன்" என்றேன். "கிளவுஸ் போட்டுத்தானேக்கா பாக்கறேன், பயப்படாதீங்க!"

அங்கேதான் தப்பு. ஒருத்தரைப் பார்த்துவிட்டு மாற்றாத கையுறை அவர் கையைத்தான் காப்பாற்றும், அடுத்த கட்டிலில் இருப்பவரை அல்ல. ஒவ்வொருவருக்கும் புது ஜோடி, கழற்றியதும் கை சுத்தம், அதுதான் முறை. உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து நேரங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், காயத்தைப் பார்ப்பது போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம், மூத்திரம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில், மேசையைத் தொட்ட பின். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான். அந்த நாலு நாளில் நான் பார்த்தவரை, எங்கள் அறைக்குள் யாரும் பத்து விநாடிகூடக் கை கழுவவில்லை.

நாங்களும் யோக்கியமில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக வந்த சொந்தக்காரர்கள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளியபோது நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களாச்சே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஏழாம் நாள் காய்ச்சல். தையல் ஓரம் சிவந்து, தொட்டால் சுட்டது. மறுநாள் காலையில் பாவாடையில் மஞ்சளாக ஈரம், வாடை. அந்த நிலையில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். குழந்தை என் மடியில் பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

டாக்டர் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "மலையில ஏறி எறங்குனீங்கல்ல, குலுக்கல்ல தையல் விட்டுருக்கும்." குலுக்கினால் தையல் விடலாம், சீழ் எங்கிருந்து வரும்? அடுத்து, பத்தியம் இருந்தீங்களா என்று ஒரு கேள்வி. இரண்டு தையலைப் பிரித்து சீழை எடுத்தார்கள். சீழைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி நான்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில்தானே தெரியும்? இதற்கு மேலும் 18,000.

டிரெஸ்ஸிங் அறை வாசலில் ஒரு பச்சைப் பையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கட்டில் ஓமலூர்ப் பெண்ணின் அம்மா. "உங்களுக்குமா?" என்றார். அவர் பெண்ணுக்கும் அதே வாரம், அதே மாதிரி. "உங்களுக்கு மட்டும்தாம்மா இப்படி ஆயிருக்கு" என்று உள்ளே எனக்குச் சொல்லி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கையால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. சர்க்கரை நோய், நீண்ட நேரப் பிரசவ வலி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆயாம்மா பிளேடால் மழித்ததும் தப்பாம், பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகவே கிருமி ஏறுமாம். ஆனால் பில்லை என்ன சொல்வது? பேக்கேஜுக்கு மேல் தனியாகப் போட்ட பட்டியலைப் பிறகுதான் வரி வரியாகப் படித்தேன். "ஹேண்ட் ரப் 500 மி.லி. – 2 பாட்டில்". "கையுறை – 40 ஜோடி". புஸ்ஸென்ற காத்துக்குக் காசு! கேட்டால், "அது எல்லாருக்கும் போடறதும்மா, கழிக்க முடியாது."

கை கழுவினால் தாய்மார் பிழைப்பார்கள் என்பது புது விஷயமும் இல்லை. 1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. அங்கே இரண்டு பிரசவ வார்டு. பிணத்தை அறுத்துவிட்டு அப்படியே வந்து பிரசவம் பார்த்த டாக்டர்களின் வார்டில் 1846-ல் நூற்றுக்குப் பதினோரு தாய்மார் செத்தார்கள், மருத்துவச்சிகளின் வார்டில் மூன்றுக்கும் குறைவு. குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார், 1848-ல் டாக்டர்கள் வார்டிலும் சாவு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்தது. நம் ஊர் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்களே ப்ளீச்சிங் பவுடர், ஏறக்குறைய அதே சரக்குதான்.

மிச்ச நாள் டிரெஸ்ஸிங்கை எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மாவே பார்த்தார். முதல் நாள் வந்ததும் பையை வைத்துவிட்டு, "சோப்பு எங்கம்மா?" என்றார். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி ஜன்னலில் வைத்தார். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் என்று தேய்த்து, நான் நீட்டிய துண்டை வேண்டாம் என்று கையை உயர்த்தி உதறியே காய வைத்தார். காசு வாங்கவில்லை.

முன்பணம் கட்டும் முன் ரிசப்ஷனைப் பார்க்காதீர்கள், வார்டுக்குள் போய் அந்த பாட்டிலை அழுத்துங்கள். கை கழுவும் இடத்தில் குழாய், சோப்பு இருக்கிறதா, எல்லாருக்கும் ஒரே ஈரத் துண்டு தொங்குகிறதா என்று பாருங்கள். "கை கழுவிட்டு தொடுங்க சிஸ்டர்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் ஒரு முறை சொல்லி விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், தீட்டில் கெட்ட வாடை, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்த பிறகுதான் குரல் மாறியது. மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு, ஓமலூர்க்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். மனு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது: ஹேண்ட் ரப் காசை மட்டும் திருப்பித் தருகிறார்களாம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை.